தரங்கம்பாடி பங்களாவும் எங்கள் தகரக் கூரை வீடும்

இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம் தரங்கம்பாடி என்று சொன்னால், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். ஆனால் அந்த ஊருக்கும் நம் தீவுகளுக்கும் பழைய உறவு உண்டு. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1756-ல் அங்கிருந்து கப்பலேறி வந்துதான் நிக்கோபாரைத் தங்களுடையது என்று அறிவித்தார்கள். காய்ச்சலுக்குப் பலர் பலியானார்கள். 1868-ல் தீவுகளை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஒரே சுனாமி இரண்டு இடங்களையும் அடித்தது.

சென்ற ஆண்டு சீர்காழியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தரங்கம்பாடிக்கும் போய் வந்தேன். காரணம் எங்கள் வீடு. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அப்பா படாக் மரத்தூண் நட்டு, பலகைச் சுவர் வைத்து, தகரக் கூரை போட்ட வீடு அது. "இடித்துவிட்டு மூன்று மாடி லாட்ஜ் கட்டலாம் அண்ணே" என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கும் பாதி சம்மதம்தான்.

தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு பழைய பங்களா நிற்கிறது. சுற்றிலும் அகன்ற தாழ்வாரம். ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் குடியிருந்தது. அதை நீம்ரானா நிறுவனம் செப்பனிட்டு, சில அறைகள் மட்டும் கொண்ட ஹோட்டலாக்கியது. சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பும் ஊரில் பல பழைய வீடுகளைப் பழுது பார்த்தது.

"இதில் என்ன பெரிய வித்தை?" என்று அங்கே ஒரு வயதான கொத்தனாரிடம் கேட்டேன். அவர் சொன்னது இதுதான். கடலோரச் செங்கல் சுவருக்குள் உப்பும் ஈரமும் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, செங்கல்லே பொடிப் பொடியாக உதிரும். அதனால் சுண்ணாம்பை நீற்றி, பல நாள் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்துப் பூசவேண்டும். மேலே மெட்ராஸ் டெரஸ். அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிப் போடும் தளம். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் தாழ்வாரமும் இருந்தால் வெயில் உள்ளே வராது, காற்று வரும். ஏ.சி.யின் வேலை பாதி குறையும். சுற்றுச்சூழலுக்கு உகந்த ஹோட்டல் என்று இப்போது சொல்கிறார்களே, அதில் பாதி நம் பாட்டன் காலத்து அறிவுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அப்படிப்பட்ட ஹோட்டல்களில் தங்க நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் வரும் வாடகையில்தான் ஓடு மாற்றுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் நடக்கிறது. ஆள் புழங்காத வீடு என்ன ஆகும் என்பதை நாம் ராஸ் தீவிலேயே பார்க்கிறோம். 1941 நிலநடுக்கத்துக்கும் 1942-ல் ஜப்பானியர் வந்ததற்கும் பிறகு கைவிடப்பட்ட தலைமை ஆணையர் மாளிகையை இன்று மரவேர்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன.

நம் மரவீடுகளுக்கும் இதே கணக்குத்தான். பூமி ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும். சரியாகக் கட்டாத கான்கிரீட் விரிசல் விடும். கடல்மணல் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். தீவுகளில் மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டிருக்கிறது.

ஊரிலிருந்து திரும்பியதும் தம்பியிடம் ஒரு வருஷம் தவணை கேட்டேன். கூரையைப் பிரித்துப் பார்த்ததில் தூண்கள் கல்லாக நின்றன. கரையான் அரித்தது அடிச்சட்டம் இரண்டு மட்டும். அவற்றை மாற்றி, கூரைத் தண்ணீரைத் தொட்டியில் விட்டோம். முன்னறைகள் இரண்டையும் நகராட்சி அனுமதி வாங்கி, ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விடப்போகிறோம். லாட்ஜ் வருமானம் வராது என்று தம்பிக்கு இன்னும் குறைதான். ஆனால் திண்ணையில் முதலில் உட்காருவதும் அவன்தான்.

உங்கள் வீட்டிலும் இடிக்கும் பேச்சு வந்தால், ஒப்பந்தக்காரரைக் கூப்பிடும் முன் பழைய ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுத் தூணைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இடிக்க ஒரு நாள் போதும்; அந்த மரத்தை மறுபடி வாங்க இன்று யாராலும் முடியாது.