வேகமானியின் கோளாறு: காண்பதும் களைவதும்

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதில் மோட்டார் வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்பது விதி. பழைய மோரிஸ் மைனர் ஒன்று ஜார்ஜ் டவுனிலிருந்து அப்பாலத்தில் ஏறுவதாகக் கொள்வோம். அதன் வேகமானி மைல் கணக்கில் அமைந்தது. முள் 50இல் நின்றால் அதுவே 80 கிலோமீட்டர். ஆனால் முள் 40க்கும் 60க்கும் இடையே ஊசலாடினால் ஓட்டுநர் எதை நம்புவது?

இவ்வகை வேகமானிக்கு ஜெர்மானியரான ஓட்டோ சுல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்றார். கியர்ப் பெட்டியிலிருந்து ஓர் உறைக்குள் வளைந்து வரும் முறுக்குக் கம்பி, மானியிலுள்ள காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிந்திருக்கிறது. முள் அதனோடு பொருத்தப்பட்டது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதே என்று கேட்கலாம். உண்மையே. எனினும் சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அம்மின்னோட்டத்தால் கிண்ணமும் காந்தத்தைத் தொடர்ந்து திரும்ப முயல்கிறது. மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. வேகம் மிக மிக, முள்ளும் மேலே நகர்கிறது. ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்களையும் அதே கம்பிதான் பற்களின் வழியே சுழற்றுகிறது.

ஒரே கம்பி இரு வேலை செய்வதால் கோளாற்றின் இருப்பிடம் எளிதில் விளங்கும். முள்ளும் எண்களும் ஒருங்கே நின்றுவிட்டால் பழுது பெரும்பாலும் மானிக்கு வெளியே. எண்கள் நகர, முள் மட்டும் படுத்துக் கிடந்தால் பழுது மானிக்குள்ளே. இதைக் கவனியாமல் எடுத்த எடுப்பிலேயே புதுக் கம்பி வாங்குவது வீண் செலவு.

கம்பியைச் சோதிக்க, அதன் மேல்முனையை மானியின் பின்புறத்திலிருந்து கழற்ற வேண்டும். முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கியரை விடுவித்து, கைப்பிரேக்கையும் தளர்த்தி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கையால் சுற்றினால் கம்பியின் முனையும் சுற்ற வேண்டும். சுற்றாவிடில் கம்பியை உருவிப் பார்க்கலாம். பாதி மட்டும் வந்தால் அறுந்துவிட்டது. முழுதாக வந்தால் கியர்ப் பெட்டியிலுள்ள சிறு பற்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். புதுக் கம்பியும் விரைவில் அறுந்தால் குற்றம் கம்பியினுடையதன்று: மானியின் அச்சு எண்ணெய் வறண்டு இறுகியிருக்கும்.

முள் ஊசலாடுவது பெரும்பாலும் கம்பி வறண்டதாலோ, உறை மிகக் குறுக வளைந்ததாலோ ஆகும். கம்பியைத் துடைத்து மெல்லியதாகக் கிரீஸ் தடவுக. மேல்முனையில் சுமார் 15 சென்டிமீட்டரை மட்டும் வறளவே விடுக. தாராள மனம் இங்கே கேடு செய்யும். முறுக்குக் கம்பி திருகாணி போலச் சுழன்று கிரீசை மானிக்குள் ஏற்றிவிடும். அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே புகுந்தால் முள் தாறுமாறாக மேலேறும்.

முள் அசையாமல் நின்று பொய் சொல்வதே மிகவும் ஆபத்தானது. அளவில் பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடுவதால், மானி உண்மை வேகத்தைக் குறைத்தே காட்டும். ஐக்கிய நாடுகளின் 39ஆம் வாகன விதி, சிறிது மிகுத்துக் காட்ட இடந்தருகிறது. குறைத்துக் காட்ட இடந்தரவில்லை. பழைய வண்டிக் கடையில் வாங்கிய மானியாலும் இத்தவறு நேரும். ஸ்மித்ஸ் மானிகளின் முகப்பிலுள்ள சிறு எண், ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை முறை சுழல வேண்டும் என்பதைக் குறிக்கும். அது வண்டிக்குப் பொருந்த வேண்டும்.

உண்மை காண, பாலத்தைக் கடந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சென்றால் கிலோமீட்டர்ப் பலகைகள் உள்ளன. ஒரே சீராக ஓட்டி ஒரு கிலோமீட்டரை 40 விநாடியில் கடந்தால் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். மைல் மானியில் 56. கடிகாரத்தைப் பார்ப்பவர் ஓட்டுநர் அல்லாத வேறொருவராக இருக்கட்டும்.

இக்கால வண்டிகளில் கம்பிக்குப் பதிலாக மின் உணரி வேலை செய்கிறது. அவற்றில் முதலில் பார்க்க வேண்டியவை ஃபியூசும் மின் இணைப்புகளும். பழைய வண்டி வைத்திருப்போர் மற்றொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கம்பி அறுந்திருந்த நாட்களில் ஓடிய மைல்கள் எண்களில் ஏறியிருக்கமாட்டா. எஞ்சின் எண்ணெய் மாற்றும் கணக்கில் அவற்றையும் சேர்த்துக்கொள்க.