‘எனக்குக் கணக்கு வராதுக்கா’

இந்த மாதச் சுவர் இதழுக்குத் தன்னம்பிக்கை பற்றி எழுதச் சொன்னார்கள். பெரிய தலைவர்கள் கதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்க வீட்டிலேயே ஒரு விஷயம் நடந்தது. அதையே எழுதுகிறேன்.

என் தம்பி மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கணக்குப் பரிட்சை என்றால் அன்று காலையில் அவனுக்கு வயிறு வலிக்கும். பள்ளிக்கூட மணி அடித்தபிறகு சரியாகிவிடும். நடிக்கிறான் என்று எல்லோரும் திட்டுவோம். ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு, “எனக்குக் கணக்கு வராதுக்கா, நான் மக்கு” என்றான். அழவில்லை. உன் பேர் என்ன என்று கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி சொன்னான். எனக்கு என்னமோ போல் ஆகிவிட்டது. ஏனென்றால் அந்தப் பேரை வைத்ததே நாங்கள்தான். விருந்தாளி வந்தால்கூட, “பொண்ணு புத்திசாலி, இவன்தான் மக்கு” என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

சரி, மக்கு என்பது தப்பு, புத்திசாலி என்பது நல்லதுதானே என்று கேட்பீர்கள். அதுவும் அப்படி இல்லையாம். அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படப் புதிர்கள் கொடுத்துச் சோதித்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் புதிர்களைப் போட்டதும் சில பிள்ளைகளிடம் “நீ புத்திசாலி” என்றார்கள். வேறு சிலரிடம் “நல்லா முயற்சி பண்ணியிருக்கே” என்றார்கள். அடுத்து எல்லோருக்கும் ரொம்பக் கஷ்டமான புதிர். யாருக்கும் சரியாக வரவில்லை. மூன்றாவதாக, முதலில் கொடுத்தது போலவே சுலபமானது. இப்போது ‘புத்திசாலி’ பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகப் போட்டார்கள். ‘முயற்சி’ பிள்ளைகள் கூடுதலாகப் போட்டார்கள். அதுமட்டுமா? மார்க்கை எழுதச் சொன்னபோது புத்திசாலி என்று பாராட்டு வாங்கியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் கூட்டி எழுதிவிட்டார்கள்!

இதைப் படித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அல்ஜீப்ரா புரியாமல் இரண்டு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. புத்திசாலி போய் டவுட் கேட்டால் சிரிப்பார்களே என்று பயம். பிறகு கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் சும்மா “முயற்சி பண்ணு, முயற்சி பண்ணு” என்றால் அதுவும் ஒரு திட்டுதான். எங்கே தப்பு என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். தம்பி நோட்டைப் பார்த்தேன். 52-இல் 27 போனால் 35 என்று போட்டிருந்தான். பக்கம் முழுக்க அதே மாதிரி. 2-இல் 7 போகாது என்று 7-இல் இருந்து 2-ஐக் கழித்திருக்கிறான். எல்லாக் கணக்கிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்! அவன் யோசித்துத்தான் போட்டிருக்கிறான், யோசித்த வழிதான் தப்பு. மக்கு என்றால் இப்படி ஒரே ஒழுங்காகத் தப்புப் போட முடியுமா?

விளக்கமாற்றுக் குச்சியை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. 7 எடு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே ஒரு கட்டை அவிழ்த்தான். கடன் வாங்குவது என்றால் அவ்வளவுதான்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனதளவில் துன்புறுத்தவும் கூடாது என்கிறது. அது பள்ளிக்கூடத்துக்கு. அடுப்படியில் நின்று மக்கு என்று கூப்பிடுகிற அம்மாவுக்கும் எனக்கும் எந்தப் பிரிவைக் காட்டுவது? அம்மாவிடம் சொன்னேன். “வாய்ல வந்துடுதுடி” என்றார்கள். இப்போது பாதி சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்.

நேற்று தம்பி 63-இல் 48 போனால் 25 என்று மறுபடியும் எழுதினான். நான் பேசாமல் இருந்தேன். அவனே பார்த்துவிட்டு ரப்பரை எடுத்து அழித்தான். “கட்டை அவுக்க மறந்துட்டேன்க்கா” என்றான்.

- 9-ஆம் வகுப்பு மாணவி