ஈரடிப்பு எஞ்சினின் இசைவாக்கிய வெளியேற்றக் குழாய்: அதன் தத்துவமும் ஆக்கமும்

மரம் அரியும் சங்கிலி வாள், புல் வெட்டும் பொறி, சிறிய மோட்டார் சைக்கிள் போன்றவற்றை இயக்கிவந்துள்ள ஈரடிப்பு எஞ்சின், அகத்தகன எஞ்சின்களுள் மிக எளிமையானது. நாலடிப்பு எஞ்சினுக்குரிய வால்வுகளோ அவற்றை இயக்கும் உறுப்புகளோ இதற்கு இல்லை. உருளைச் சுவரில் வெட்டப்பட்ட வாயில்களை, மேலும் கீழும் செல்லும் முசலமே திறந்து மூடுகின்றது. இவ்வெளிமையே அதன் சிறப்பு. அதன் பெருங்குறையும் இதிலிருந்தே பிறக்கின்றது. அக்குறையை அசையும் உறுப்பு எதுவுமின்றி, ஒரு தகட்டுக் குழாயின் வடிவத்தினால் மட்டும் பெருமளவு நீக்கலாம் என்பதையும், அக்குழாயைக் கணித்து ஆக்கும் முறையையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

குறை யாது?

முசலம் கீழிறங்கும்போது முதலில் வெளியேற்று வாயில் திறக்கின்றது. எரிந்த வாயு வெளியே பாய்கின்றது. சற்றுப் பின்னர் புகவிடு வாயில்கள் திறக்க, சுழற்றியறையில் நெருக்கப்பட்ட புதிய எரிபொருட்கலவை உருளையினுள் புகுந்து, எஞ்சிய எரிவாயுவைத் துரத்துகின்றது. முசலம் மேலேறும்போது இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. புகவிடு வாயில்கள் முதலில் மூடிவிட, வெளியேற்று வாயில் மட்டும் சிறிது நேரம் திறந்தேயிருக்கும். அவ்வேளையில் மேலேறும் முசலம் புதிய கலவையின் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடுகின்றது. எரியாத எரிபொருள் வீணாகின்றது, வலு குறைகின்றது, வளியும் மாசடைகின்றது.

வெளியேற்று வாயில் 180 பாகைக்கும் புகவிடு வாயில்கள் 120 பாகைக்கும் திறந்திருக்கும் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியேற்று வாயில் திறக்கும் கணத்திலிருந்து எண்ணினால், புகவிடு வாயில்கள் 30ஆம் பாகையில் திறந்து 150ஆம் பாகையில் மூடுகின்றன. 150 தொடக்கம் 180 வரையுள்ள முப்பது பாகைகளே இழப்பு நிகழும் காலம். இக்காலத்தில் வாயிலை அடைத்து நிற்க ஏதேனும் ஒன்று வேண்டும்.

அலை செய்யும் பணி

வெளியேற்று வாயில் திறந்தவுடன் உயர் அமுக்க நெருக்கலலை ஒன்று குழாயினுள் ஓடுகின்றது. ஒரே விட்டமுடைய குழாயில் அது பெரிய மாற்றமின்றிச் செல்லும். குழாய் விரியத் தொடங்கும் இடத்தில் அலையின் ஒரு பகுதி தெறித்து, ஐதாக்கலலையாக மாறி எஞ்சினை நோக்கித் திரும்புகின்றது. குழாய் குறுகும் இடத்திலோ அது நெருக்கலலையாகவே தெறிக்கின்றது. இவ்விரு இயல்புகளையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவதே இசைவாக்கிய குழாயின் தத்துவம்.

எனவே இக்குழாய் ஐந்து பகுதிகளைக் கொண்டதாகும்: தலைக்குழாய், விரிகூம்பு, நேரான நடுப்பகுதி, குவிகூம்பு, ஒடுங்கிய வாற்குழாய். விரிகூம்பிலிருந்து திரும்பும் ஐதாக்கலலை உருளையை உறிஞ்சி எரிவாயுவை அகற்றுகின்றது; புதிய கலவையையும் இழுத்து, அதில் சிறிதளவைத் தலைக்குழாய்வரை கொண்டுவருகின்றது. பின்னர் குவிகூம்பிலிருந்து வரும் நெருக்கலலை அக்கலவையை மீண்டும் உருளையினுள் தள்ளுகின்றது. வாயில் மூடும்வரை காவல் நிற்பது இவ்வலையே.

கணிப்பு

வாயில் திறந்திருக்கும் காலத்தில் அலை குழாயில் சென்று மீளவேண்டும். வாயில் திறந்திருக்கும் கோணத்தைப் பாகையிலும், வாயுவில் ஒலியின் வேகத்தைச் செக்கனுக்கு மீற்றரிலும் கொண்டு இரண்டையும் பெருக்கி, நிமிடத்துக்கான சுற்றல்களின் பன்னிரண்டு மடங்கால் வகுத்தால் வேண்டிய நீளம் மீற்றரில் கிடைக்கும். சாதாரண வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர். வெப்பமான வெளியேற்ற வாயுவில் ஏறத்தாழ 520 மீற்றர் எனக் கொள்ளலாம்.

மேற்கூறிய எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்றல்களில் உச்ச வலு தரவேண்டுமெனின், நீளம் 180 × 520 ÷ 96000 = 0.975 மீற்றர் ஆகும். இது முசல முகத்திலிருந்து, குவிகூம்பை முனைவரை நீட்டிக் கருதினால் வரும் அதன் நடுப்புள்ளி வரையுள்ள தூரம்.

ஏனைய அளவுகளுக்கு அனுபவ விதிகள் உண்டு. அமெரிக்கரான கோர்டன் ஜெனிங்ஸ் 1973இல் வெளியிட்ட கைநூல் இவற்றைப் பட்டறைக்காரரும் கையாளத்தக்கவாறு தொகுத்தது. அவற்றை ஒட்டி, 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள தலைக்குழாயைக் கொள்வோம். அதன் நீளம், எஞ்சினுள் அமைந்த வாயில்வழியையும் சேர்த்து, விட்டத்தின் எட்டு மடங்கான 320 மி.மீ. நடுப்பகுதியின் விட்டம் இரண்டரை மடங்கான 100 மி.மீ. விரிகூம்பின் முழுக் கோணம் 8 பாகையெனின் அதன் நீளம் 429 மி.மீ. குவிகூம்பின் முழுக் கோணம் 16 பாகையெனின், முனைவரை 356 மி.மீ.; நடுப்புள்ளி 178 மி.மீ. தூரத்தில் அமையும். 975இலிருந்து 320, 429, 178 ஆகியவற்றைக் கழிக்க, நடுப்பகுதிக்கு 48 மி.மீ. எஞ்சுகின்றது. வாற்குழாயின் விட்டம் தலைக்குழாயின் 0.6 பங்கான 24 மி.மீ.; நீளம் அதன் பன்னிரு மடங்கான 288 மி.மீ. குவிகூம்பு அவ்விட்டத்திற்கு ஒடுங்கும் இடத்தில், அதாவது 270 மி.மீ. நீளத்தில், வெட்டப்படும்.

இவ்வளவுகளைச் சரிபார்ப்போம். 8000 சுற்றல்களில் விரிகூம்பின் ஐதாக்கல் ஏறத்தாழ 59ஆம் பாகையிலிருந்து 138ஆம் பாகைவரை வாயிலை அடைகின்றது. முசலம் அடியில் நிற்கும் 90ஆம் பாகை இதனுள் அடங்கும். குவிகூம்பின் நெருக்கல் 147ஆம் பாகையளவில் வரத் தொடங்குகின்றது. புகவிடு வாயில்கள் மூடுவது 150இல் என்பதை நினைவுகூர்ந்தால் பொருத்தம் விளங்கும்.

ஆயின் சுற்றல்கள் மாறினால் இப்பொருத்தம் குலைகின்றது. 6000 சுற்றல்களில் குவிகூம்பின் நடுவிலிருந்து மீளும் அலை 135ஆம் பாகையிலேயே வந்துவிடும். அப்போது புகவிடு வாயில்கள் திறந்திருப்பதால் வாயு அவற்றினூடே பின்தள்ளப்படும். 10000 சுற்றல்களில் அதே அலை 225ஆம் பாகையிலேயே வரும். வாயில் மூடி 45 பாகை கடந்துவிட்டபின் அதனால் உச்சப் பயன் இல்லை. குறுகிய வேக எல்லைக்குள் பெரும் வலு, வெளியே சோர்வு என்பதே இக்குழாயின் குணம். பந்தயத்துக்கு இது ஏற்றது. அடிக்கடி நின்று புறப்படும் நகர வாகனத்துக்கு இத்தகைய கூர்மையான இசைவு பொருந்தாது. கூம்புகளின் சரிவைக் குறைத்தும் தலைக்குழாயை நீட்டியும் உச்ச வலுவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் எல்லை அகலும்.

ஆக்கும் முறை

ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள மென்னுருக்குத் தகடு போதுமானது. கூம்பை விரித்தால் வட்டத்தின் ஆரைச்சிறைத் துண்டொன்று கிடைக்கும். எமது விரிகூம்புக்கு வெளி ஆரை 717 மி.மீ., உள் ஆரை 287 மி.மீ., கோணம் 25.1 பாகை. குவிகூம்புக்கு முறையே 359 மி.மீ., 86 மி.மீ., 50.1 பாகை. முதலில் காகித அட்டையில் வெட்டிச் சுருட்டிப் பார்ப்பது தகட்டு விரயத்தைத் தவிர்க்கும். தகட்டை உருளைக் கம்பியொன்றின்மீது சிறிது சிறிதாக வளைத்து, விளிம்புகளைப் புள்ளிப் பற்றாசாக இணைத்தபின் முழுமையாகப் பற்றவைக்கவேண்டும். மூட்டுகளின் உட்புறத்தில் உலோகம் துருத்தி நிற்கலாகாது. வாயு கசியவும் கூடாது. குழாய் வளையவேண்டிய இடத்தில் கூம்பைச் சாய்வாக வெட்டித் திருப்பி இணைப்பர். நீளங்கள் யாவும் நடுக்கோட்டின் வழியே அளக்கப்படும்.

வாற்குழாயைக் கணித்ததிலும் ஒடுக்குவது ஆபத்தானது. வெப்பம் மிகுந்து முசலத் தலை உருகித் துளைபடலாம். புதிய குழாய் பொருத்தியபின் காபுரேற்றரின் எரிபொருள் அளவையும் மீண்டும் சீர்செய்யவேண்டும். எரிபொருள் குறைந்த கலவை முசலத்தை இறுகச்செய்யும்.

அறிவு வந்த வழி

இத்தகு குழாயின் வரலாறு, தொழினுட்ப அறிவு எவருடையது என்ற வினாவை எழுப்புகின்றது. மேற்கு ஜேர்மனியில் டீ.கே.டபிள்யூ. பந்தய எஞ்சின்களுக்காக எரிக் வொல்ஃப் 1950களின் தொடக்கத்திலேயே இவ்வழியில் முயன்றார். கிழக்கு ஜேர்மனியின் சோப்பாவ் நகரிலிருந்த எம். இசெட். தொழிற்சாலையில், 1953இல் பந்தயப் பிரிவைப் பொறுப்பேற்ற வால்ற்றர் காடன் அதனை முறையான ஆய்வாக்கினார். குழாயின் அமுக்க அலைகளை அலைவுகாட்டியில் கண்டு, அளந்து, குழாயை மாற்றி மீண்டும் அளந்தார். டானியல் சிமர்மன் என்பார் கையாண்ட சுழல்தட்டு உள்ளெடுப்பு முறையையும் அவர் தம்முடையதோடு இணைத்தார். 1961இல் அவரது 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 25 பரிவலு, அதாவது லீற்றருக்கு 200 பரிவலு என்ற அளவை எட்டியது. செல்வம் மிக்க நிறுவனங்களோடு ஒப்பிடுகையில் அப்பிரிவின் வளங்கள் மிகச் சொற்பமானவை.

பேர்லின் மதில் எழுந்த அவ்வாண்டிலேயே, செப்ரெம்பரில் சுவீடனில் நடந்த போட்டியின்போது, எம். இசெட்.டின் முதன்மை ஓட்டுநரும் பொறியியலாளருமான ஏர்ன்ஸ்ற் டெக்னர் மேற்குக்குத் தப்பிச்சென்று, இந்நுட்பத்தை ஜப்பானின் சுசூக்கி நிறுவனத்துக்கு வழங்கினார். 1962இல் 50 க.செ.மீ. பிரிவில் உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசூக்கிக்கும் கிடைத்தது. காடனின் பெயர் நெடுங்காலம் துறைசார்ந்தோர் வட்டத்துக்கு வெளியே அறியப்படாதிருந்தது. அவர் 1996இல் காலமானார்.

டெக்னரின் செயலைத் துரோகம் என்றும் விடுதலை நாட்டம் என்றும் இருவாறாகக் கூறுவர். இவ்விரு தீர்ப்புகளும் ஓர் உண்மையை மறைக்கின்றன. பலர் படிப்படியாக ஆராய்ந்து சேர்த்த அறிவை ஓர் அரசோ ஒரு நிறுவனமோ தனியுடைமையாகப் பூட்டிவைக்க முயன்றதும், பின்னர் அது சந்தையில் விலைபோனதும் இங்கு நிகழ்ந்தன. குழாயில் அரிய உலோகம் ஏதுமில்லை. தகடும் பற்றாசும் எந்தச் சிறு பட்டறையிலும் உண்டு. அங்கே இல்லாதிருந்தவை அளவுகளும் அவற்றுக்கான காரணங்களுமே. அவற்றைத் தாய்மொழியில், கணிப்போடு, பட்டறையில் உழைப்போர் கைக்கு எட்டச்செய்வது எம்போன்ற கல்விக்கூடங்களின் கடமையென நாம் கருதுகின்றோம்.