நாளைக்கு லோடு போகுது: ஜெர்மன் வினைக்குத் தமிழ் வழி

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் போனில் சொல்கிறார்: "நாளைக்குக் கேரளாவுக்கு லோடு போகுது." நாளை நடக்கப்போவதை நிகழ்காலத்திலேயே சொல்லிவிட்டார். ஜெர்மன்காரரும் இப்படித்தான் பேசுவார்: 'மோர்கென் ஃபேர்ட் டெர் லாஸ்டர் நாஹ் கேரளா.' மோர்கென் என்றால் நாளை. ஃபேர்ட் என்பது நிகழ்கால வினை. எதிர்காலத்துக்கு அவர்களிடம் தனி வடிவம் உண்டு. ஆனால் 'நாளை' வந்துவிட்டால் பெரும்பாலும் அதைத் தேடமாட்டார்கள்.

இந்த மொழியைக் கற்க இப்போது நம் பிள்ளைகளுக்குக் காரணமும் இருக்கிறது. இந்தியத் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 ஆக இருந்த விசா எண்ணிக்கையை 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024 அக்டோபரில் அறிவித்தது. நர்ஸாக அங்கே வேலை பார்க்கப் பொதுவாக பி2 நிலை வரை மொழி தேவை. அதற்கு வாசல்படி, தொடக்க நிலையான ஏ1. ஏ1-ல் முதலில் எதிர்ப்படுவது நிகழ்கால வினை. இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாகவே நடத்துகிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை, அதுவும் தேவையே இல்லாத சுமை.

இங்கிலீஷில் 'கம்' என்ற ஒரே வடிவம் நான், நீ, நாங்கள், அவர்கள் எல்லோருக்கும் பொது. நமக்கோ வாரேன், வாரே, வாரான், வாரோம் என்று ஆளுக்கொரு விகுதி. ஜெர்மனும் நம் பக்கம்தான். 'கொம்மென்' என்றால் வருதல். கடைசியில் உள்ள 'என்' ஒலியைக் கழற்றிவிட்டு விகுதியை ஒட்ட வேண்டும். நான் வருகிறேன்: இஹ் கொம்மெ. நீ: டூ கொம்ஸ்ட். அவன்: எர் கொம்ட். நாங்கள்: வீர் கொம்மென். பழகிய பலரை ஒன்றாக அழைத்தால்: ஈர் கொம்ட். அவர்கள்: ஸீ கொம்மென். பெரியவர் ஒருவரிடம் மரியாதையாகப் பேசவும் இதே 'ஸீ கொம்மென்'தான். ஒருவரையே பன்மையில் 'வாரியளா' என்று கேட்கும் ஊர்க்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு இடத்தில் மட்டும் தமிழ்ப் பழக்கத்தை விட வேண்டும். 'வாரேன்' என்று மொட்டையாகச் சொன்னால் நமக்குப் போதும். அங்கே 'இஹ்' கட்டாயம். அவன், அவள், அது மூன்றுக்கும் அங்கே ஒரே விகுதி.

சில வினைகள் முரண்டு பிடிக்கும். ஆர்பைட்டென், அதாவது வேலை பார்த்தல், 'டூ ஆர்பைட்டெஸ்ட்' ஆகும். நடுவில் ஓர் எகரம் இல்லாவிட்டால் நாக்கு புரளாது. வண்டியில் போவதைச் சொல்லும் ஃபாரென் வினையில், 'நீ', 'அவன்' இரண்டுக்கு மட்டும் ஆகாரம் ஏகாரமாகி ஃபேர்ஸ்ட், ஃபேர்ட் என்று மாறும். 'இரு' என்பதற்கான ஸைன் வினைக்கு எந்த விதியும் உதவாது. பின், பிஸ்ட், இஸ்ட், ஸின்ட், ஸைட், ஸின்ட் என்று மனப்பாடம் செய்துவிடுவதே வழி.

பல பிள்ளைகளை இங்கிலீஷில் அழவைக்கும் ஓர் இடம் ஜெர்மனில் தானாகவே சரியாகிவிடும். 'மூணு வருஷமா தென்காசியில வேலை பாக்கேன்' என்பதை இங்கிலீஷில் சொல்ல 'ஹேவ் பீன்' என்று சுற்றி வரவேண்டும். ஜெர்மனில் வெறும் நிகழ்காலம்: 'இஹ் ஆர்பைட்டெ ஸைட் ட்ரை யாரென் இன் தென்காசி.'

ஜெர்மானியர் தமிழ் கற்றதற்கு முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு சிறுவர்களோடு மணலில் எழுத்துப் பழகினார். அவருடைய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலே நகரில் அச்சானது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த இன்னொரு ஜெர்மன் மதபோதகர் இரேனியஸ் 1834-ல் இன்னொரு தமிழ் இலக்கணம் கொடுத்தார். தங்கள் ஆட்கள் தமிழ் படிக்க அவர்கள் இவ்வளவு உழைத்தார்கள். நம் பிள்ளைகள் ஜெர்மன் படிக்க, தமிழிலேயே விளக்கும் எளிய தொடக்கப் புத்தகம் ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் இருக்க வேண்டும். அதில் ஜெர்மன் விகுதி அட்டவணைக்குப் பக்கத்திலேயே தமிழ் விகுதிகளையும் அச்சிட வேண்டும். அதற்கு அடுத்த பக்கத்தில், வாய்விட்டுச் சொல்லிப் பழக ஐம்பது வினைகள் போதும்.