வற்றாளைக் கிழங்கும் வாட்டிய சீவலும்

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். கொத்மலை நீர்த்தேக்கத்தின்மீது மூடுபனி மெல்லப் படர்கின்றது. எதிர்ச் சரிவிலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வரிசையாய் நிற்கும் லயங்களின் கூரைகளினின்று அடுப்புப் புகை எழுகின்றது. விளையாடிக் களைத்த சிறுவர்கள், "அம்மா, பசிக்குது!" என்ற குரலுடன் வீடு திரும்பும் வேளை அது. அவ்வேளையில் அடுப்படியில் நிற்கும் தாயின் உள்ளத்தில் எழும் வினா ஒன்றேயாம்: பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?

அவ்வினாவுக்கு விடை கூறக் கடைக்காரர் எப்போதும் ஆயத்தமாகவே இருக்கின்றார். தோட்டத்துச் சிறு கடைகளின் முகப்பிலே வண்ண வண்ணமாய்த் தொங்கும் வறுவற் பொட்டலங்களைக் காணாதார் யார்? எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு வறுவல் 100 கிராமில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெயேயாகும். உப்பும் சுவையூட்டிகளும் வேறு. நாவுக்கு அது விருந்துதான். வளரும் உடலுக்கோ அதனாற் கிட்டும் பயன் மிகச் சிறிது.

அங்ஙனமாயின் அடுப்படி மூலையிலே கூடையில் கிடக்கும் கிழங்கு என்ன குற்றம் செய்தது? இக்கேள்வியை அயலிலுள்ள லயமொன்றில் வாழும் தாயொருவரிடம் கேட்டோம். அவர் சிரித்தார், பின்னர்ச் சற்று வருத்தத்துடன் சொன்னார்: "அவிச்சுக் குடுத்தா வீட்டுல திம்பான். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கொண்டு போக மாட்டேங்குறான். கிழங்கான்னு மத்தப் புள்ளைங்க சிரிக்கிறாங்களாம்."

அச்சிரிப்பின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நிலவிய உணவுத் தட்டுப்பாடு தோட்டப்புறங்களைக் கொடிதாகத் தாக்கிற்று. மாவும் அரிசியும் அரிதாயின. பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. கிடைத்த கிழங்கையும் கீரையையும் கொண்டு உயிர் பிழைத்த கதைகளை மூத்தோர் இன்றும் கூறுவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும், கோதுமை மாவின் விலை ஏற ஏற, பல வீடுகள் மீண்டும் கிழங்கையே நாடின. இங்ஙனம், வறுமை வந்தபோதெல்லாம் கைகொடுத்த பொருளுக்கே வறுமையின் பெயர் ஒட்டிக்கொண்டது. உதவிய நண்பனை நாணத்துடன் மறைத்து வைப்பது முறையாகுமா?

கிழங்கின் குலமும் குணமும்

வடபுலத்தார் வற்றாளை என்றும், தமிழகத்தார் சர்க்கரைவள்ளி என்றும், சிங்கள மக்கள் பத்தல என்றும் வழங்கும் இக்கிழங்கு, உருளைக்கிழங்கின் உறவன்று. வேலிகளில் ஊதாப் பூப்பூக்கும் கொடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அமெரிக்கக் கண்டமே அதன் பிறப்பிடம். கொலம்பசின் பயணத்தின் பின் ஐரோப்பாவை அடைந்து, போர்த்துக்கேயரின் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தது. அவர்கள் வழங்கிய 'பத்தாத்தா' என்னும் பெயரின் சாயலைச் சிங்களப் பெயரிலே இன்றும் காணலாம்.

பச்சைக் கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 77 கிராம் நீர். 20 கிராம் மாப்பொருளும் சீனியும். 3 கிராம் நார்ச்சத்து. செம்மஞ்சள் நிறச் சதையுள்ள கிழங்காயின், பீற்றா கரோட்டின் என்னும் பொருளும் மிகுதியாக உண்டு. நமதுடல் அதனை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கின்றது. மாலைக்கண் நோயைத் தடுப்பதற்கும், நோயெதிர்ப்பு ஆற்றலுக்கும் இன்றியமையாதது இவ்விற்றமின். ஆபிரிக்க நாடுகளில் செம்மஞ்சள் வற்றாளையைப் பரப்பிக் குழந்தைகளின் விற்றமின் குறைபாட்டைக் குறைக்கப் பாடுபட்டோர் மரியா அன்ட்ராடே, ரொபேர்ட் முவாங்கா, ஜான் லோ என்போர். 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்ற நால்வருள் இம்மூவரும் அடங்குவர். கிழங்கென்று நகைப்போர் இதனை நினைவிற் கொள்வாராக! வெள்ளைச் சதைக் கிழங்கில் இச்சத்து மிகக் குறைவு. ஆதலின் கிடைக்குமிடத்துச் செம்மஞ்சளையே தேர்க.

செய்முறை

இனி, பள்ளிப் பிள்ளை நாணாமற் கொண்டுசெல்லக்கூடிய சீவலைச் செய்யும் வகையைக் கூறுவோம். வேண்டுவன: கிழங்கு அரைக் கிலோ, தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு, விரும்பினால் மிளகுத்தூளோ மிளகாய்த்தூளோ ஒரு சிட்டிகை.

கிழங்கை மண் போகத் தேய்த்துக் கழுவுக. தோலைச் சீவ வேண்டுவதில்லை. நார்ச்சத்தில் ஒரு பகுதி அங்கேதான் உண்டு. வண்டு துளைத்த இடங்களையும் கறுத்த இடங்களையும் தாராளமாக வெட்டி எறிக. பின்பு 2 மில்லிமீற்றர் தடிப்பில் வட்டமாகச் சீவுக. எல்லாச் சீவல்களும் ஒரே தடிப்பாய் அமைவதே இக்கலையின் பாதி வெற்றியாம். ஒன்று மெலிந்தும் ஒன்று தடித்தும் இருப்பின், மெலிந்தது கருகும்வரை தடித்தது வேகாது.

சீவியவற்றைக் குளிர்நீரில் அரை மணி நேரம் ஊறவிடுக. மேற்பரப்பிலுள்ள மாவும் சீனியும் ஓரளவு கழன்றுவிடும். பின்பு நீரை வடித்து, துணியிற் பரப்பி, ஈரமின்றி ஒற்றியெடுக்க. ஈரம் நின்றால் சீவல் வேகுமேயன்றி மொறுமொறுக்காது. எண்ணெயை விட்டுக் கையாற் பிசறி, எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமற் பரப்புக.

போறணையை முன்னரே 150 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி வைத்து, தட்டை உள்ளே வைக்க. 20 நிமிடத்தில் ஒவ்வொன்றையும் திருப்புக. அதன்பின் 15 முதல் 25 நிமிடம் செல்லும். கடைசிப் பத்து நிமிடத்தில் அடுப்படியை விட்டு அகலுதல் கூடாது. விளிம்பு சுருண்டு பொன்னிறமானவற்றை முதலில் எடுத்துவிட்டு, ஏனையவற்றை மீண்டும் வைக்க. சூட்டில் சற்று மெதுவாயிருப்பினும் ஆறியதும் மொறுமொறுக்கும். உப்பையும் தூளையும் இறுதியிலேயே தூவுக. முன்னர் இட்டால் உப்பு நீரை வெளியே இழுக்கும்.

அரைக் கிலோ கிழங்கில் ஏறக்குறைய 130 கிராம் சீவல் தேறும். அதில் எண்ணெய் பத்தில் ஒரு பங்கேயாகும். எண்ணெயே வேண்டாமென ஒதுக்குதலும் சரியன்று. பீற்றா கரோட்டினை உடல் உறிஞ்சிக்கொள்ளச் சிறிது கொழுப்புத் தேவை.

நாம் கற்ற பாடம்

முதன்முறை நாம் செய்தபோது நேரத்தை மிச்சப்படுத்த எண்ணிச் சூட்டை 220 பாகைக்கு உயர்த்தினோம். விளைவோ, விளிம்பெல்லாம் கரி, நடுவெல்லாம் தோல்! காரணத்தைப் பின்னரே உணர்ந்தோம். சூடேறும்போது இக்கிழங்கின் மாப்பொருளிற் பெரும்பகுதி இனிப்பாக மாறுகின்றது. இனிப்பு மிகுந்த பண்டம் கடுஞ்சூட்டில் விரைந்து கருகும். அன்றியும், மாப்பண்டங்களைக் கடுஞ்சூட்டிற் பொரிக்கும்போதும் சுடும்போதும் அக்கிரிலமைட்டு என்னும் வேண்டாப் பொருள் உண்டாவதை 2002ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளிப்படுத்தினர். நிறம் கறுக்கக் கறுக்க அதுவும் மிகும். ஆகவே பொன்னிறத்தோடு நிறுத்துதல் சுவைக்கும் நல்லது, உடலுக்கும் நல்லது.

போறணை இல்லாத வீட்டில்

"போறணைக்கு நாங்க எங்க போறது?" என்று லயத்துத் தாய் கேட்டதில் நியாயம் உண்டு. அதற்கும் வழியுண்டு. அடி தடித்த பழைய சட்டியொன்றில், கழுவிக் காயவைத்த மணலை ஓரங்குல உயரத்துக்கு இடுக. மணலின்மீது மூன்று சிறு கற்களை வைத்து, அவற்றின்மேல் சீவல் பரப்பிய தகரத் தட்டை வைக்க. கவ்வாத்து மிலாறு எரிந்து தணலானதும், சட்டியை அத்தணலின்மேல் ஏற்றித் தகர மூடியால் மூடி, மூடியின்மேலும் சிறிது தணலை இடுக. நம் பாட்டிமார் பலகாரம் சுட்ட முறைதான் இது. முதலில் இரண்டொரு சீவலை மட்டும் வைத்துச் சூட்டைச் சோதித்துக்கொள்க. புகையும் நச்சுவாயுவும் தேங்காதவாறு கதவையும் யன்னலையும் திறந்துவைத்தே இதனைச் செய்தல் வேண்டும்.

மலைநாட்டில் இன்னுமோர் இடர் உண்டு, அதுவே ஈரக்காற்று. மொறுமொறுத்த சீவல் மூடுபனியில் ஒரு மணி நேரத்திலேயே துவண்டுவிடும். நன்கு ஆறவிட்டு, காற்றுப் புகாத தகரப் பேணியில், அடியிலே வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து வைத்துச் சேமிக்க. துவண்டால் தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் வாட்டினாற் போதும். மூன்று நான்கு நாட்களுக்குள் உண்டு முடித்தல் நன்று.

அளவும் அறிவும்

ஒன்றை மறைத்தலாகாது. நீர் வற்றிய சீவல் கையளவேயாயினும் அதனுள் அடங்கிய கிழங்கு பெரிது; ஆகவே சிறிய கிண்ணம் ஒன்றே போதும். நீரிழிவுள்ளோர்க்குச் சுட்ட கிழங்கைவிட அவித்ததே ஏற்றது, அதுவும் அளவோடுதான்.

மற்றொன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நூற்றுக்கு 17 பேராயிருக்க, தோட்டப்புறத்தில் அத்தொகை 32 ஆக இருந்தது. இக்குறையைக் கிழங்குச் சீவல் தீர்த்துவிடும் என்று கூறின் அது பொய்யாகும். முட்டையும் பருப்பும் பாலும் வேண்டும். தூய நீர் வேண்டும். தாயின் உடல்நலமும் உழைப்புக்கேற்ற ஊதியமும் வேண்டும். விடியுமுன் எழுந்து கொழுந்து கொய்யச் செல்லும் தாயின்மேற் பழியைச் சுமத்துதல் எவர்க்கும் தகாது. ஆயினும், பொட்டலத்துக்குச் செல்லும் காசில் ஒரு பகுதி முட்டைக்குத் திரும்புமாயின், அது சிறு வெற்றியன்றோ?

லயத்தருகே ஒரு பாத்தியளவு நிலம் இருப்பினும், கொடித்துண்டுகளை நட்டு நான்கு மாதமளவிற் கிழங்கு தோண்டலாம். அதற்கிடையில் இளந்தளிர் கீரையாகும். காட்டுப்பன்றி வராமற் காப்பதொன்றே பெரும்பாடு!

அடுத்த வாரம் அத்தாயை மீண்டும் கண்டோம். சட்டியிலே சுட்ட சீவலைப் பையன் பள்ளிக்குக் கொண்டு சென்றானாம். "என்ன சொன்னான்?" என்று ஆவலோடு வினவினோம். "ஒண்ணும் சொல்லல. நாளைக்குக் கொஞ்சம் கூடுதலா வையுங்கம்மா, கூட்டாளிங்க கேக்குறாங்கன்னான்" என்றார் அவர்.