நீராவி இஸ்திரிப் பெட்டியும் எம்மூர் நீரும்

ஓசூருக்கு அணித்தாயுள்ள மத்திகிரியில், எம் இல்லத்துக்கு நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று ஈராண்டுகளுக்கு முன்னர் வந்து சேர்ந்தது. அன்னையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பொருளில் ஒரு பகுதி அதற்காயிற்று. கடைக்காரர் அதன் அழகையும் எடைக் குறைவையும் விரித்துரைத்தாரேயன்றி, உங்கள் வீட்டு நீர் எத்தகையது என்று வினவினாரல்லர். யாமும் அதனைப் பற்றி எண்ணினோமில்லை. ஓராண்டு நிரம்புமுன், எம் தமையனார் தொழிற்சாலை ஒன்றின் நேர்காணலுக்குப் புறப்படவிருந்த காலையில், அப்பெட்டி அவருடைய கருநிறக் காற்சட்டையின்மேல் வெண்செதில்களையும் பழுப்பு நீரையும் ஒருசேர உமிழ்ந்தது. அவர் பழைய காற்சட்டை ஒன்றை உடுத்துச் சென்றார். அன்னையாரோ தம் கைப்பிழை என்றே கருதி அன்று முழுதும் நொந்திருந்தார். அக்குறை எதனால் விளைந்தது என ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

இஸ்திரி என்னும் சொல் போர்த்துகேசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது என்பர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் எம்மூரில் மூன்று மொழியாரும் இச்சொல்லையே ஆளுதலால், இதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை. மின்சாரத்தால் சூடேறும் இஸ்திரிப் பெட்டிக்கு நியூயார்க்கைச் சார்ந்த ஹென்றி சீலி என்பார் 1882இல் காப்புரிமை பெற்றார். நீராவி கூடியது அதற்கு நெடுங்காலம் பின்னரேயாகும்.

நீராவி செய்யும் தொழில் யாது? பருத்தி இழையின் நுண்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்பதனாலேயே மடிப்பும் சுருக்கமும் நிலைக்கின்றன. ஈரம் உட்புகின் அப்பற்று தளரும். வெப்பமும் அழுத்தமும் இழையை நேராக்க, ஈரம் நீங்கியவுடன் அந்நேர்மை நிலைக்கும். நம் அன்னையர் கையால் நீர் தெளித்துத் துணியைச் சுருட்டி வைத்ததும் இதன்பொருட்டே. புதிய பெட்டியில், சிறு தொட்டியிலுள்ள நீர் சொட்டுச் சொட்டாகச் சூடேறிய அறைக்குள் வீழ்ந்து ஆவியாகி, அடித்தட்டின் துளைகள் வழியே வெளிப்படுகின்றது.

நீர் ஆவியாகும், நீரில் கரைந்துள்ள உப்போ ஆவியாகாது. எம் தொல்லை முழுதும் இவ்வொன்றினின்றே தொடங்கிற்று. எம் வட்டாரம் கரும்பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்று நீர் பாறைப் பிளவுகளில் தங்கி, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்துக்கொண்டு மேலேறுகின்றது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்படிவு காண்கின்ற இல்லத்தார் அனைவரும் இதனை அறிவர். 2012ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரவரையறை, நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் இருத்தல் நன்று என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 வரை கொள்ளலாம் என்றும் கூறும். பருகுதற்கு இசைந்த நீர் பெட்டிக்கு இசையாது போதல் இதனால் விளங்கும். 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரைக் கால் லிட்டர் ஊற்றினால், ஒருமுறைக்கு 75 மில்லிகிராம் வரை சுண்ணப்படிவு எஞ்சக்கூடும். வாரம் ஒருமுறை ஊற்றின் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கிராம். ஊசிமுனை போன்ற துளைகளுக்கு அது சிறிதன்று.

ஆதலின் பெட்டி வாங்குவோர் முதற்கண் நோக்கற்பாலது, படிவை வெளியேற்றும் வழி அதிலுண்டா என்பதே. தன்னைத் தானே தூய்மை செய்யும் பொத்தான் உள்ளதாயின், தொட்டியை நிரப்பி, பெட்டியை மிகுசூட்டுக்கு ஏற்றி, மின்னிணைப்பை நீக்கியபின், கழுவுதொட்டியின்மேல் பிடித்துப் பொத்தானை அழுத்த, செதில்கள் கொதிநீரோடு வெளிப்போதும். ஆவியை அடைத்து வெறும் பெட்டியாக ஆளும் அமைப்பும், சூடு குறையுங்கால் நீர் ஒழுகாமற் காக்கும் அமைப்பும் இருத்தல் வேண்டும். சிலர் வினிகரை ஊற்றுக என்பர். புளிப்பு சுண்ணத்தைக் கரைப்பது உண்மையே. எனினும் உட்பகுதி கெடுமென்று பல கையேடுகள் அதனைத் தடுத்தலால், கையேட்டைப் பாராமல் அதில் இறங்கற்க.

நீரைத் தெரிதலும் இன்றியமையாதது. இல்லத்தில் ஆர்.ஓ. கருவியிருப்பின் அதன் தூயநீர் நன்று. அது கழித்துவிடும் நீரில் உப்பு மிகுதியாதலின், வீணாகின்றதே என்றிரங்கி அதனை ஊற்றுதல் தீது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீர் வருமிடங்களில் அது பெரும்பாலும் கிணற்று நீரினும் மென்மையானது. இரண்டும் இல்லாதார், கையேடு இசையுமாயின், வாலை வடித்த நீரைக் குழாய்நீரோடு பாதிக்குப் பாதி கலந்து கொள்ளலாம்.

இனி மின்னாற்றல். நிமிடத்துக்கு 20 கிராம் நீரை ஆவியாக்க மட்டுமே ஏறக்குறைய 860 வாட் செலவாகும். 1000 வாட் பெட்டியில் இவ்வளவு ஆவி தொடர்ந்து எழுமாயின், தட்டைச் சூடாக வைத்திருக்க எஞ்சுவது சிறிதேயாம். நீர் ஆவியாகாமலே ஒழுகும். 1400 முதல் 1600 வாட் வரை கொள்ளுதல் தகும். ஆனால் 230 வோல்ட்டில் 1600 வாட் பெட்டி 7 ஆம்பியர் ஈர்க்கும். அறையிலுள்ள சிறு சாக்கெட்டோ 6 ஆம்பியருக்கே உரியது. 16 ஆம்பியர் சாக்கெட் எங்குளது என்று பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை 2003ஆம் ஆண்டின் ஆணையால் இஸ்திரிப் பெட்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அஃதில்லாத மலிவுப் பெட்டியைத் தொடவும் வேண்டா.

அடித்தட்டைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. ஒட்டாப் பூச்சு வழுக்கும். பித்தான் உராயின் கீறும். எஃகுத் தட்டு நெடுநாள் உழைக்கும்.

பட்டுக்கு ஒரு சொல். மல்பெரி வளர்த்துப் பட்டுப்புழு பேணும் எம் மாவட்டத்தில், பட்டுச் சேலையைப் பெட்டியால் கெடுத்துக்கொள்வாரும் உளர். பட்டுக்குரிய தாழ்சூட்டில் நீர் முற்றும் ஆவியாகாது சொட்டிக் கறைப்படுத்தும். ஆவியை அடைத்து, உட்புறத்தைத் திருப்பி, மேலே மெல்லிய துணி விரித்துத் தேய்த்தலே ஏற்புடைத்து.

தமையனாருக்கு வேறிடத்தில் பணி கிடைத்தது. அவர் முதற் சம்பளத்தில் வாங்கிய பெட்டியில் அன்னையார் ஆர்.ஓ. நீரையே ஊற்றுகின்றார், தேய்த்து முடிந்ததும் இணைப்பை நீக்கி, எஞ்சிய நீரைச் சூடாறுமுன்னரே வடித்து, பெட்டியை நிமிர்த்தி வைக்கின்றார். பழைய பெட்டியை எறிந்துவிட மனமின்றி, நீரூற்றாமல் தலையணை உறைகளுக்கு வைத்திருக்கின்றோம்.