கொம்பைலருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியட்டும்

மட்டக்களப்பு வாவியின் நீரை அளந்து பதிய ஒரு செயலி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பாலமீன்மடு முகத்துவாரம், கல்லடிப் பாலம் என இடம் வாரியாகத் திகதி, வெப்பநிலை, உப்புத்தன்மை. இவற்றைப் புலங்களாகச் சேர்த்து ‘அளவீடு’ என்றொரு தரவு வகையை வரையறுத்தாயிற்று. அதைக் கோப்பில் எழுத ஒரு நிரல்துண்டு, திரும்பப் படிக்க இன்னொன்று, திரையில் காட்ட மற்றொன்று. மூன்றிலும் அதே புலப்பெயர்கள்தான். மாரி மழையில் வாவி கலங்குகிறதே, கலங்கலையும் அளப்போம் என்று ஒரு புலத்தைக் கூட்டுகிறோம். கோப்பில் எழுதும் துண்டில் அதைச் சேர்க்க மறந்தால்? பல மொழிகளில் பிழைச்செய்தி எதுவும் வராது. கலங்கல் அளவு மட்டும் சத்தமில்லாமல் காணாமற்போகும்.

இத்தனைக்கும் ‘அளவீடு’க்குள் என்னென்ன புலங்கள் என்பது தொகுப்பான் எனப்படும் கொம்பைலருக்கு அத்துப்படி. சி++ போன்ற மொழிகளில் அது நிரலை இயந்திரமொழிக்கு மாற்றி முடித்ததும் அந்த விவரத்தில் பெரும்பகுதியை எறிந்துவிடும். எறியுமுன் கேட்டு வாங்கும் வசதிதான் தொகுப்புநேர ரிஃப்ளெக்ஷன். ‘இந்த வகையின் புலங்களைத் தா’ என்று கேட்டு ஒரே ஒரு லூப் எழுதினால், நாளை சேரும் புலமும் தானாக உள்ளே வந்துவிடும்.

ஜாவாவில் 1997 முதலே ரிஃப்ளெக்ஷன் உண்டு; உயர்தரத்தில் பைத்தன் படித்தவர்களுக்கும் இது புதிதல்ல. ஆனால் அங்கே கேள்வி எழுவது நிரல் ஓடும்போது. வகை விவரங்களை நினைவகத்தில் சுமக்கவேண்டும். புலப்பெயரைப் பிழையாகக் கேட்டிருந்தால், செயலி பயனரின் கைக்குப் போனபிறகுதான்கூடத் தெரியவரலாம். சி++ இதில் மிகவும் பிந்தியது: 2025 ஜூனில் சோஃபியாவில் கூடிய தரநிர்ணயக் குழுதான் சி++26 பதிப்புக்கு இதை ஏற்றது.

நம் நாட்டில் இதற்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. சஞ்சீவ வீரவரண இணைந்து நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பாலரினா மொழியில், ஜேசன் தரவை ‘அளவீடு’ மாறி ஒன்றில் இடச் சொன்னால், வேண்டிய வகை எதுவென்று கொம்பைலரே ஊகித்து, தரவை மாற்றும் சார்புக்குக் கொடுக்கும். தரவைச் சரிபார்ப்பது என்னவோ ஓடும்போதுதான். ஆகவே இது பாதிவழி. அந்தப் பாதியே பெரிய உதவி.

நாலைந்து புலங்களோடு நிற்கும் செயலிக்கு இதெல்லாம் தேவையில்லை, கையால் எழுதுவதே வாசிக்கச் சுகம். இன்னொரு கண்ணியும் உண்டு. ‘உப்புத்தன்மை’ என்ற புலத்தை ‘உப்பு’ என்று சுருக்கினால், தானியங்கி லூப் கோப்பிலும் அப்படியே எழுதிவைக்கும். போன வருடத்துக் கோப்புகளைப் புதிய செயலி படிக்காது.